சீனியில் சீனா, கற்கண்டில் எகிப்து

வணக்கம் மக்களே. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் நிற்கிறேன். பின்னால் ஆட்டோ சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கம் இதைவிட அமைதியான இடம் கிடையாது. இன்றைக்கு நாட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு நம் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் சாமான்களைப் பற்றிப் பேசலாம்.

முதலில் சீனி. தாராவித் தமிழர்களில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் நிறைய பேர். எங்கள் வீட்டிலும் வெள்ளையாக இருப்பது சீனி, சர்க்கரை என்றால் அது வேறு. இங்கே உ.பி.க்காரர் கடையில் போய் "பையா, ஏக் கிலோ சீனி" என்றால் அவரும் மறுபேச்சில்லாமல் நிறுத்துக் கொடுத்துவிடுவார், ஏனென்றால் இந்தியிலும் அது சீனிதான், மராத்திக்காரர் மட்டும் 'சாகர்' என்பார். சீனி என்றால் சீனத்தது என்று பொருள். ஆனால் கரும்புச் சாற்றைக் காய்ச்சி மணி மணியாக எடுக்கும் வித்தையே இங்கிருந்து போனதுதான்! கி.பி. 647 வாக்கில் சீனாவின் டாங் வம்சப் பேரரசர் டைசோங், அதைக் கற்றுக்கொண்டு வரச்சொல்லி மகதத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். நம் சமஸ்கிருத 'சர்க்கரா' அரபியில் சுக்கர் ஆகி, அப்படியே ஐரோப்பாவுக்குப் போய் சுகர் ஆனது. ஊரெல்லாம் நம் பெயரைச் சொல்லிக் கேட்கிறது, நாம் சீனா பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். என்ன சொல்ல!

சரி, அதே கடையில் கற்கண்டு கேளுங்கள், முழிப்பார். மிஸ்ரி என்று கேட்க வேண்டும். மிஸ்ர் என்பது அரபியில் எகிப்து. இடைக்காலத்தில் எகிப்தில் சுத்திகரித்த சர்க்கரைக்கு நல்ல பெயர் இருந்தது, அது இன்னும் இந்தக் கண்ணாடி பாட்டிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து பாட்டிலில் பட்டை, இங்கே அதற்குப் பெயர் தால்சீனி. பாரசீகத்தில் 'தார்சீனி', அதாவது சீன மரம். உண்மையான மெல்லிய சுருள் பட்டைக்கு இலங்கைதான் தாய்வீடு, அதனால் அதற்கு இந்தப் பெயர் வம்பு. ஆனால் இதைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், ஓடு மாதிரி தடியாக, ஒரே அடுக்காகச் சுருண்டிருக்கிறது. இது காசியா ரகம். இதில் சீனாவிலும் வியட்நாமிலும் இருந்து வருவது நிறைய, ஆக இதற்குப் பெயர் பொருத்தம்தான்.

அடுத்து பாத்திரக்கடை. மும்பையில் பழைய மராத்தி ஆட்கள் அலுமினியப் பாத்திரத்தை ஜெர்மன் பாத்திரம் என்பார்கள், கேட்டிருக்கிறீர்களா? அது வேறு, நம் ஊர்க் கல்யாண வீடுகளில் அடுக்கி வைக்கும் ஜெர்மன் சில்வர் வேறு. ஜெர்மன் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் உண்டு, வெள்ளி மட்டும் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. சரி, ஜெர்மனியாவது உண்மையா? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன்காரர்கள் அதைச் செய்யத் தொடங்கியதே, சீனாவிலிருந்து வந்த 'பாக்டாங்' என்ற வெள்ளைச் செம்பைப் பார்த்துத்தான். திரும்பவும் சீனா!

பழி போடுவதில் கெட்டிக்காரன் வான்கோழி. பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில், ஆங்கிலேயன் அதை டர்க்கி என்று துருக்கி தலையில் கட்டினான், துருக்கியில் கேட்டால் 'ஹிந்தி' என்று நம்மைக் காட்டுகிறார்கள், பிரெஞ்சுக்காரனுக்கும் அது இந்தியப் பறவை, போர்ச்சுகீசியனோ பெரு நாட்டைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். புளிக்கும் இதே கதை. அரபிகள் அதைத் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை என்றார்கள், அதிலிருந்துதான் ஆங்கிலப் பெயர். மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனாலும் புளியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

பெரு என்றதும் ஞாபகம் வருகிறது, மும்பையில் கொய்யாவுக்கு 'பேரு'. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் வண்டிக்காரர் கத்துவதைக் கேட்டு, தங்கள் பேரைத்தான் கேட்கிறார் என்று நின்றுவிடுவார்கள். அது பெரு நாட்டிலிருந்து வந்த பெயர் என்பார்கள் சிலர். இல்லை, போர்ச்சுகீசில் பேரிக்காய்க்குள்ள 'பேரா' என்பார்கள் வேறு சிலர். நான் பேரா கட்சி, இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுதானே. அதோ வண்டி வருகிறது, கிலோ என்ன விலை என்று கேட்கிறேன், மிளகாய்ப்பொடி உப்பு அதிகமாகத் தூவச் சொல்ல வேண்டும். அப்புறம் பார்ப்போம்.