பால் ஸ்பூனும் ஒரு மீட்டர் கம்பும்

(திரையில்: ஒரு ஸ்பூன் நிறைய பால். விளிம்புக்கு மேல லேசா மேடு கட்டி நிக்குது.)

வணக்கம். 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பொழுது விடியறதுக்கு முன்னாடியே தெற்கு டெல்லில ஒரு கோயில்ல இருந்து செய்தி கிளம்புது: பிள்ளையார் பால் குடிக்கிறார். வாட்ஸ்அப் இல்லாத காலம். ஆனாலும் மத்தியானத்துக்குள்ள நாடு முழுக்கப் பரவி, லண்டன் வரைக்கும் போயிடுச்சு. டெல்லில அன்னைக்குப் பால் விற்பனை மட்டும் 30 சதவீதத்துக்கு மேல ஏறினதா பதிவாகியிருக்கு.

அப்ப மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை விஞ்ஞானிகள் ஒரு வேலை செஞ்சாங்க. பால்ல சாப்பாட்டுக் கலர் கலந்து எடுத்துட்டுப் போனாங்க. ஸ்பூனைச் சிலை மேல பட்ட மாதிரி வச்சாங்க. பால் குறைஞ்சுது, எல்லாரும் சொன்ன மாதிரியேதான். ஆனா இந்தத் தடவை அது எங்க போச்சுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஸ்பூன் பட்ட இடத்துக்குக் கீழே, சிலை மேல, மெல்லிசா ஒரு கலர் படலம் வழிஞ்சு இறங்கியிருந்தது.

இதை இப்பவே வீட்ல செஞ்சு பாருங்க. ஸ்பூன்ல பாலைத் தளும்பத் தளும்ப ஊத்துங்க. விளிம்பைத் தாண்டி மேடு கட்டும், ஆனா கொட்டாது. பாலோட மேற்பரப்பு இழுவிசை அதைப் பிடிச்சு வச்சிருக்கு. அந்த மேடு ஒரு ஈரமான கல்லைத் தொட்டதும், பால் கல்லோட ஒட்டிக்கும். ஒரு இழை கீழே இறங்க ஆரம்பிச்சா, அது பின்னாடி இருக்கிற பாலையும் இழுத்துட்டுப் போகும். வெள்ளைப் பளிங்கு மேல வெள்ளைப் பால் வழிஞ்சா யாருக்குத் தெரியும்? அதனாலதான் கலர்.

நான் இதுல மதிக்கிறது அந்தக் கேள்வியைத்தான். "இதெல்லாம் நம்பாதீங்க"ன்னு அறிக்கை விட்டிருந்தா ஒருத்தர் மனசும் மாறியிருக்காது. அவங்க கேட்டது, பால் எங்க போச்சு? பதிலைக் கண்டுபிடிக்கிற வழி ஒரு ஸ்பூன், கொஞ்சம் கலர். யார் வேணாலும் செய்யலாம்.

(திரையில்: 1995 அக்டோபர் 24, முழுச் சூரிய கிரகணத்தின் பாதை.)

அடுத்த மாசமே இன்னொரு சோதனை வந்துச்சு. முழுச் சூரிய கிரகணம். அதுக்கு முன்னாடி 1980 பிப்ரவரி 16-ல ஒண்ணு வந்தப்ப ஊர் ஊராத் தெருவே வெறிச்சோடிக் கிடந்துச்சு, ஜன்னலைச் சாத்திட்டு உள்ளயே இருந்தாங்க. 1995-ல ராஜஸ்தான்ல நீம் கா தானாவுக்கும், ஆக்ரா பக்கம் பதேபூர் சிக்ரிக்கும், வங்காளத்துல டயமண்ட் ஹார்பருக்கும் ஜனங்க தேடிப் போய்ப் பார்த்தாங்க. நீம் கா தானால சூரியன் முழுசா மறைஞ்சது ஒரு நிமிஷத்துக்கும் குறைவுதான். அதுக்காக ராத்திரிப் பயணம் போனவங்க எத்தனையோ பேர்.

இந்தப் பதினஞ்சு வருஷத்துல என்ன நடந்துச்சு? 1982-ல தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் பரிமாற்றக் குழு ஆரம்பமாச்சு. 1987-ல பாரத ஜன விஞ்ஞான ஜாதாங்கிற மக்கள் அறிவியல் பயணம் நாட்டோட பல மூலைகள்ல இருந்து கிளம்பி, விஷவாயு கசிஞ்ச அதே போபால்ல போய்ச் சேர்ந்துச்சு. அதே வருஷம் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் துளிர்ங்கிற சிறுவர் அறிவியல் பத்திரிகையைக் கொண்டு வந்துச்சு. 1989-ல, அறிவியலை ஜனங்ககிட்ட கொண்டு போக மத்திய அரசு ஆரம்பிச்ச விஞ்ஞான் பிரசார். இவங்க எல்லாரும் சேர்ந்து போட்ட உழைப்போட பலன்தான் 1995-ல நாம பார்த்தது. அந்த விஞ்ஞான் பிரசாரை 2023-ல மூடிட்டாங்க. எனக்கு அது பெரிய இழப்பாத்தான் படுது.

அறிவியல் மனப்பான்மையை வளர்க்கிறது குடிமக்களோட கடமைன்னு நம்ம அரசியல் சாசனமே சொல்லுது. 1976-ல சேர்ந்த 51-ஏ பிரிவு. சரி, அதை எப்படி வளர்க்கிறது? ஒவ்வொரு பிப்ரவரி 28-ம் தேதியும் பள்ளிக்கூடங்கள்ல தேசிய அறிவியல் தினம் கொண்டாடறோம். 1928-ல அதே நாள்ல சர் சி.வி. ராமன் தன்னோட கண்டுபிடிப்பை அறிவிச்சார். நாம அன்னைக்குச் சார்ட் பேப்பர் ஒட்டறோம், ராமன் பிறந்த ஊரை ஒப்பிக்கிறோம், ராக்கெட் தெர்மகோல் மாடல் வைக்கிறோம். சாயங்காலம் பரிசு கொடுத்து முடிச்சிடறோம். அன்னைக்கு ஒரு குழந்தையாவது எதையாவது அளந்துச்சா? அதுதான் நான் கேக்கறது. 1993-ல இருந்து நடக்கிற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இதைச் சரியாப் பிடிச்சுது. 10 வயசுலேர்ந்து 17 வயசு வரைக்குமான பிள்ளைங்க, தங்க ஊர்ப் பிரச்சனையைத் தாங்களே ஆராய்ஞ்சு, தங்க மொழியிலயே சொல்லணும்.

டெல்லித் தமிழர்களுக்கு நான் ஒரு வேலை வச்சிருக்கேன். அறிவியல் தினத்தன்னைக்கே செய்யலாம்.

(திரையில்: இந்திய வரைபடம். டெல்லியிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு.)

சென்னைச் சொந்தக்காரங்க ஏப்ரல் கடைசியில நிழல் இல்லா நாள்னு போட்டோ அனுப்புவாங்க. அன்னைக்கு மத்தியானம் சூரியன் நேர் உச்சியில நிக்கறதால, நட்டமா நிக்கிற கம்புக்கு நிழலே விழாது. நமக்கு அது எந்த நாளும் வராது. சூரியன் நேர் உச்சிக்கு வர்றது கடக ரேகை வரைக்கும்தான், டெல்லி அதுக்கு வடக்கே இருக்கு. ஜூன் 21 உச்சி வெயில்ல கூட ஒரு மீட்டர் கம்புக்கு 9 சென்டிமீட்டர் நிழல் மிச்சம் இருக்கும். ஆனா நமக்கு வேற ஒரு கொடுப்பினை உண்டு. டெல்லியோட தீர்க்கரேகை 77.2 டிகிரி. நாகர்கோவிலுக்கு 77.4. கிட்டத்தட்ட நேர் கோடு! அங்க யாராவது சொந்தக்காரங்க இருந்தா, ரெண்டு கம்பும் ஒரு போனும் வச்சு பூமியோட சுற்றளவை அளந்திடலாம். 2,200 வருஷத்துக்கு முன்னாடி எகிப்துல எரட்டோஸ்தனிஸ்ங்கிற கிரேக்க அறிஞர் செஞ்ச அதே கணக்கு.

ஆர்.கே. புரமோ மயூர் விஹாரோ, உங்க மொட்டை மாடியில ஒரு மீட்டர் கம்பை நட்டமா நிறுத்துங்க. நூல்ல சாவியைக் கட்டித் தொங்கவிட்டா சாய்வு தெரிஞ்சிடும். சரியா 12 மணிக்கு அளக்காதீங்க. நம்ம கடிகாரம் மிர்சாபூர் பக்கம் போற 82.5 டிகிரி ரேகையை வச்சு ஓடுது. டெல்லிக்குச் சூரியன் அங்கேர்ந்து 21 நிமிஷம் தாமதமா வருது. பூமி நீள்வட்டத்துல சாஞ்சு சுத்தறதால பிப்ரவரி கடைசியில இன்னும் 12, 13 நிமிஷம் கூடும். ஆக 12:34 சுமாருக்குத்தான் நமக்கு உச்சிப்பொழுது. நாகர்கோவில்லயும் ஏறக்குறைய அதேதான். 12:15-ல இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில சாக்பீஸால புள்ளி வைங்க. எது ரொம்பக் குட்டையோ அதுதான் வேணும்.

போன் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"மாமா, எனக்கு 74 சென்டிமீட்டர் வருது. உங்களுக்கு?"

"எனக்கு 29 மக்களே. கம்பு கொஞ்சம் சாஞ்சிடிச்சோன்னு ஒரு சந்தேகம் கெடக்கு, கேட்டியா."

"அப்ப நிமிர்த்தி வச்சு இன்னொரு தடவை அளங்க மாமா."

அந்த மாமாவோட சந்தேகம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

இனி கணக்கு. கம்பையும் நிழலையும் பத்துல ஒரு பங்கா காகிதத்துல வரைஞ்சு, கம்போட உச்சியையும் நிழல் நுனியையும் ஒரு கோட்டால சேர்த்து, கோணமானியால கம்போட உச்சிக் கோணத்தை அளங்க. டெல்லில 36.5 டிகிரி, நாகர்கோவில்ல 16 டிகிரி சுமாருக்கு வரும். வித்தியாசம் 20.4 பக்கம். ரெண்டு ஊருக்கும் நடுவுல பூமி வளைஞ்சிருக்கிற அளவு அதுதான், முழு வட்டம்னா 360 டிகிரி. ரெண்டு ஊருக்கும் நேர் தூரம் ஏறக்குறைய 2,260 கிலோமீட்டர். ரயில் தூரத்தை எடுத்துடாதீங்க, அது வளைஞ்சு வளைஞ்சு போகும். 360-ஐ 20.4-ஆல வகுத்து 2,260-ஆல பெருக்கினா 39,900 கிட்ட வருது. துருவம் வழியா பூமியோட சுற்றளவு 40,008 கிலோமீட்டர்.

உங்களுக்கு இவ்வளவு கிட்ட வராமப் போகலாம். நிழலோட நுனியைக் குனிஞ்சு பாருங்க. கத்தரிச்ச மாதிரி இருக்காது, ஒரு சென்டிமீட்டருக்கு மேலயே மங்கலாக் கரைஞ்சு போகும். சூரியன் ஒரு புள்ளி இல்ல, அரை டிகிரி அகலமான வட்டம். அதனால நுனி எதுன்னு நீங்க முடிவு பண்ணணும். ஒரு சென்டிமீட்டர் மாறினா விடை 700-லேர்ந்து 1,000 கிலோமீட்டர் வரைக்கும் மாறும். "நான் அளந்தது 39,000, முன்னப்பின்ன ஆயிரம் இருக்கலாம்"னு ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு சொல்லுதுன்னா, அவளுக்கு எந்தப் பரிசும் தகும். 40,008-னு மனப்பாடமா ஒப்பிக்கிறதை விட அது பெரிய விஷயம்.

கன்னாட் பிளேஸ் பக்கம் போனா ஜந்தர் மந்தர்ங்கிற பழைய வானியல் கூடத்துக்குள்ள ஒரு நடை போய்ட்டு வாங்க. 1724-ல ஜெய்சிங் ராஜா கட்டின சாம்ராட் யந்திரம்னா நிழல் விழறதுக்காகவே கட்டின சரிவுச் சுவர். அதோட சரிவு டெல்லியோட அட்சரேகை, 28.6 டிகிரி. உங்க கம்புல வந்த கோணத்துலேர்ந்து, அன்னைக்குச் சூரியன் தெற்கே விலகியிருக்கிற 8 டிகிரியைக் கழிச்சுப் பாருங்க.

அளந்தவங்க எங்களுக்கு நாலு விஷயம் அனுப்புங்க: கம்போட உயரம், ரெண்டு ஊர் நிழல், தேதி, நேரம். இணையத்துல சரியான விடையைப் பார்த்துட்டு உங்க அளவைத் திருத்தாதீங்க. மேகம் மூடிடுச்சுன்னா மறுநாள் செய்யுங்க, ரெண்டு பேரும் ஒரே நாள்ல அளந்தாப் போதும்.