ஆறு லிட்டர் தண்ணீரும் ஒரு காட்டு ஆடும்

(குளக்கரை நடைப்பயிற்சி நண்பர்களின் ஆண்டு விழாவில் பேசியது. கேட்டவர்கள் வற்புறுத்தியதால் எழுதித் தருகிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை ‘மலையேற்ற வீரர்’ என்று சொல்லி என் மனைவியைச் சிரிக்க வைத்த செயலாளர் அவர்களே, வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்து, இந்த வயதிலும் கடைசி வரிசையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் தமிழையா அவர்களே (ஐயா, முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, வாருங்கள்), மைக் செட் தம்பி, விடியற்காலை ஐந்தரைக்கே குளத்தைச் சுற்றும் அன்பு நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். நகராட்சி ஆணையர் வழியில் வந்துகொண்டிருக்கிறாராம். வரட்டும். நான் பேசப்போவதில் பாதி அவருக்குத்தான்.

பொன்னாடைக்கு நன்றி. அடுத்த வருஷம் ஈரோட்டுத் துண்டாகப் போடுங்கள், வியர்வை துடைக்க ஆகும்.

கிரீட் தீவில் மலையிடுக்குகளுக்குள் நடந்துவிட்டு வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சமரியா, இம்ப்ரோஸ், ஸாக்ரோஸ் என்று மூன்று இடுக்குகளைப் பற்றிச் சொல்கிறேன் என்று செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

கிரீட், கிரேக்க நாட்டின் தீவுகளிலேயே பெரியது. மத்தியதரைக் கடலில் கிழக்கு மேற்காக நீளமாகக் கிடக்கிறது. அதன் மேற்குப் பக்கத்தில் வெள்ளை மலைகள் என்று ஒரு தொடர். கிரேக்கர்கள் லெஃப்கா ஓரி என்பார்கள். எல்லாம் சுண்ணாம்புக் கல். பனி உருகின பிறகும் கோடையில் வெளுப்பாகவே நிற்கும். இந்தக் கல்லை மழைநீர் காலகாலமாக அறுத்து அறுத்து, மலையுச்சியிலிருந்து தெற்கே லிபியக் கடல் வரைக்கும் வாய்க்கால் வெட்டின மாதிரி பிளந்து வைத்திருக்கிறது. அந்தப் பிளவுக்குக் கிரேக்கத்தில் ‘ஃபராங்கி’ என்று பெயர். நம் காதில் பறங்கி என்று விழும். பறங்கிக்காய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் பழந்தமிழில் மலைப்பிளப்புக்கு ‘விடர்’ என்று அழகான சொல் இருக்கிறது. ஐயா தலையாட்டுகிறார், எனக்கு மார்க் கிடைத்துவிட்டது.

சமரியாவுக்கு மேல்வாசல், க்ஸிலோஸ்கலோ என்கிற இடம். மரப்படி என்று அர்த்தம். ஓமலோஸ் என்ற சமவெளியின் விளிம்பில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழ்முனையில் கடல். நடுவில் 16 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுக்க இறக்கம். இறக்கம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இந்தப் பழமொழியை நான் சொல்லாத மேடை கிடையாது, மன்னிக்க வேண்டும். ஆனால் சொன்னவன் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஹானியா நகரத்திலிருந்து விடியற்காலை பஸ். முந்தின நாள் ராத்திரி நான் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு வாங்கிப் பையில் அடுக்கினேன். ஆறு லிட்டர். தங்கியிருந்த இடத்துப் பையன், “வழியில் ஊற்று இருக்கிறது சார், ஒரு சின்ன பாட்டில் போதும்” என்றான். என் வீட்டம்மாவும், “ஏங்க, அந்தப் பையன் சொல்றானே” என்றாள். கேட்டேனா? ஊர் பேர் தெரியாத மலையில் தண்ணீர் இருக்கும் என்று எப்படி நம்புவது? நாம் வளர்ந்த விதம் அப்படி. குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருந்த தலைமுறை.

முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக, வளைந்து வளைந்து இறங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் முதுகில் ஆறு கிலோ குலுங்கும். வலது முழங்கால் ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்ல ஆரம்பித்தது. அப்போது ஒரு திருப்பத்தில் கல்தொட்டி. அதில் ஒரு குழாய். திறந்தேன். பல் கூசுகிற குளிர்ச்சியில் தண்ணீர். தொட்டி விளிம்பில் ஒரு குளவி சாவகாசமாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. என் முதுகில் ஆறு லிட்டர் பாட்டில் தண்ணீர் வெந்நீராகிக்கொண்டிருந்தது. வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் தாங்க முடியவில்லை.

ரோஷம், பாருங்கள். கொட்ட மனசு வரவில்லை. அடுத்த ஊற்று வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஏழாவது கிலோமீட்டர் வாக்கில் சமரியா என்கிற பழைய கிராமம். அங்கே இருந்த ஒசியா மரியா என்ற புனிதை கோயிலின் பெயர்தான் திரிந்து சமரியா ஆனது என்கிறார்கள். 1962-இல் அரசு இதைத் தேசியப் பூங்காவாக்கியபோது குடியிருந்தவர்களை வெளியே குடியேற்றிவிட்டார்கள். இப்போது கல்வீடுகள் மட்டும் நிற்கின்றன. அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தோல்வியை ஒப்புக்கொண்டு, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மரத்துக்கு ஊற்றினேன். பாட்டிலை எடுப்பதற்காகப் பையிலிருந்த மற்றதை எல்லாம் வெளியே வைத்தேன். கடலை மிட்டாய்ப் பொட்டலம், அதைச் சுற்றி நுழைவுச் சீட்டு.

அந்தப் பக்கம் கிரி-கிரி என்று காட்டு ஆடு உண்டு. பின்னால் வளைந்த கொம்பு, பழுப்பு உடம்பு. உயரப் பாறைகளில் வாழ்கிற கூச்ச சுபாவமுள்ள பிராணி என்று படித்திருந்தேன். கிராமத்தில் இருப்பதற்கு அந்தக் கூச்சம் எல்லாம் இல்லை. நான்காவது பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ‘சரக் சரக்’ என்று சத்தம். திரும்பினால், மிட்டாயைத் தின்று முடித்துவிட்டு நுழைவுச் சீட்டை மென்றுகொண்டிருக்கிறது. நிதானமாக. வெற்றிலை போடுகிற பாட்டி மாதிரி.

சீட்டுதானே, போனால் போகிறது என்று நடந்தேன். பதின்மூன்றாவது கிலோமீட்டரில் பூங்கா முடிகிற இடத்தில் காவலர் கையை நீட்டுகிறார். சீட்டு! உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று கணக்குப் பார்ப்பது அந்தச் சீட்டை வைத்துத்தானாம். எனக்குக் கிரேக்கம் தெரியாது. அவருக்கு என் ஆங்கிலம் புரியவில்லை. வரிசை நீள்கிறது. கடைசியில் இரண்டு விரலைத் தலைக்கு மேல் கொம்பாக வைத்து, வாயால் மென்று காட்டினேன். அரை நிமிஷம் மௌனம். “கிரி-கிரி?” என்றார். “கிரி-கிரி!” என்றேன். பின்னால் வரிசையே சிரித்தது. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு விட்டுவிட்டார். என்ன எழுதினார் என்பது எனக்கு இன்றுவரை கவலை.

இதோ, ஆணையர் வந்துவிட்டார். வணக்கம் ஐயா. தாமதம் ஒன்றும் இல்லை, ஆடு வரைக்கும்தான் வந்திருக்கிறோம். ஐயா பணிச்சுமைக்கு நடுவில் வந்ததற்கு இந்தக் குளக்கரையே நன்றி சொல்கிறது. தம்பி, ஐயாவுக்கு ஒரு டீ. சீனி கம்மி.

காவலரிடம் வருவதற்கு முன்னால் கடந்த வாசல் பாறையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. போர்ட்டெஸ் என்பார்கள், கதவுகள் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய 300 மீட்டர் சுவர். நடுவில் நான்கு மீட்டர் இருந்தால் அதிகம். ஒரு லாரி நுழையலாம், இரண்டு லாரி ஒதுங்க முடியாது. ஓடையின் மேல் மரப்பலகை போட்டிருக்கிறார்கள். வெயில் அடிக்கும்போது மேலே ஒரு கோடுபோல வானம். மழை பெய்தால் மலைத் தண்ணீர் முழுக்க இந்தச் சந்துக்குள்தான் வந்தாக வேண்டும். அதனால் மழை என்றால் பூங்காவை மூடிவிடுகிறார்கள். குளிர்காலம் முழுக்க மூடல். ஆழம் தெரிந்தவர்கள் காலை விடவில்லை.

பூங்கா முடிகிற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் அயியா ரூமேலி என்ற கடற்கரை ஊர். ரோடு கிடையாது, படகில்தான் வெளியேற வேண்டும். கருப்புக் கூழாங்கல்லில் உட்கார்ந்து காலைக் கடலில் வைத்தேன். அந்தச் சுகத்தை விவரிக்கப் போவதில்லை, ஆணையருக்கு நேரமில்லை.

இம்ப்ரோஸ் சின்னது, எட்டு கிலோமீட்டர். 1941 மே கடைசியில், ஜெர்மானியப் படையிடம் தீவு விழுந்தபோது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் இந்தப் பக்கமாகத்தான் தெற்குக் கடற்கரைக்கு இறங்கி ஹோரா ஸ்ஃபாகியோனில் கப்பல் ஏறினார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. வந்த வழியெல்லாம் அவர்களை வாட்டியது தாகம். தாகம் என்று சொன்னதும் எனக்கு நம் குளக்கரைக் குழாய் ஞாபகம் வருகிறது.

ஐயா, சமரியாவுக்குள் 13 கிலோமீட்டரில் ஒரு கடை கிடையாது. ஆனால் தண்ணீருக்குக் காசு கிடையாது. காலிப் பாட்டிலைக் கொண்டுபோனால் போதும். நம் குளக்கரையில் ஒரு குழாய் இருக்கிறது. திறந்து வைத்த கல்வெட்டு இருக்கிறது. பளபளப்பான கைப்பிடி இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை. எதிர்க்கடையில் பாட்டில் இருபது ரூபாய். அந்தக் காலிப் பாட்டில் எங்கே போகிறது என்று குளத்தை எட்டிப் பார்த்தால் தெரியும். தண்ணீர்ப் பந்தல் வைத்த ஊர் இது. பைப் எங்கே அடைத்திருக்கிறது என்று ஒரு பிளம்பரை விட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். நான்கு மனு கொடுத்திருக்கிறோம். ஐந்தாவதை இன்றைக்கு நேரிலேயே கொடுத்துவிடுகிறேன்.

செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரமாகிவிட்டதாம். ஸாக்ரோஸ் பாக்கி. அங்கே குகைகளில், மூவாயிரம் வருஷத்துக்கும் முந்தைய மினோவன் காலத்து மக்கள் இறந்தவர்களைப் புதைத்ததால் ‘இறந்தவர்களின் இடுக்கு’ என்று பெயர் என்பதோடு நிறுத்துகிறேன். மூலிகைகளைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்தேன். அடுத்த வருஷம்.

மனுவில் கையெழுத்துப் போடாதவர்கள் சுண்டல் மேசைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போங்கள். நான்கு பேனா வைத்திருக்கிறேன். போன மனுவுக்கு ஆறு வைத்தேன், இரண்டு திரும்பி வரவில்லை. வணக்கம்.