பாட்டன் காலத்துப் பத்திரத்தை எப்படிப் படிக்கிறது? 'உ'வும் 'ரு'வும் பண்ற குழப்பம்

வணக்கம் மக்களே! இன்னைக்கு மேசை மேல இருக்கறது குடியாத்தம் பக்கத்து கிரயப் பத்திரம். பழசு கையில கிடைச்சதும் எல்லாரும் முதல்ல பாட்டன் பேரைத்தான் தேடுறாங்க. அப்படிப் பண்ணாதீங்க. பேரு எதுவா வேணா இருக்கலாம், ஊகிக்க முடியாது. 'எழுதிக்கொடுத்த கிரய சாசனம் என்னவென்றால்'ங்கற வரி ஏறக்குறைய எல்லாத்துலயும் வரும். அதை முதல்ல பிடிங்க. இதுல பத்திரம் எழுதினவர் 'த'வை எப்படிச் சுழிக்கிறாரு, 'ன'வை எங்க முடிக்கிறாருன்னு ஒரு தாள்ல வரைஞ்சு வெச்சுக்கோங்க. அதுதான் இந்தக் கைக்கு அரிச்சுவடி.

இப்ப தேதி, கிட்ட வந்து பாருங்க: 'விசுவாவசு௵ தை௴ ௰௫௳'. முதல் குறி வருஷம். அடுத்தது, 'மீ' மாதிரி இருக்கே, அது மாசம். கடைசிக் குறி தேதி. வேகமா எழுதினா அது 'உ' மாதிரியே விழும். தமிழ் எண் ரெண்டும் 'உ'தானே? அதனால 15-ஆம் தேதியை 152ன்னு படிச்சுட்டு மண்டைய உடைச்சுக்கறாங்க. ௰ன்னா பத்து, ௫ன்னா அஞ்சு. அந்த அஞ்சு 'ரு' மாதிரி இருக்கறதால ரூபாய்னும் ஏமாந்துடுவோம்.

விசுவாவசு 60 வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 1845-ஆ, 1905-ஆ, 1965-ஆ? பக்கத்துல பசலி, அதாவது நில வரிக் கணக்கு வருஷம், 1315ன்னு இருக்கு பாருங்க. 590 கூட்டினா 1905. பசலி ஜூலையில தொடங்கறதால, இந்தத் தை மாசம் 1906 ஜனவரியில விழும்.

இனி பேரு. எழுதினவர் புள்ளியே வெக்கல. 'முததமமாள'ன்னா முத்தம்மாள். துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே கோடு, அதனால 'பார்வதி'யில 'ப'வுக்கும் 'வ'வுக்கும் நடுவுல ரெண்டு கோடு ஒண்ணு போலவே நிக்குது. '௸'ன்னு வந்தா அது 'மேற்படி', ஆள் பேரு இல்ல.

வாணியம்பாடி, திருப்பத்தூர்க்காரங்க ஒண்ணு கவனிங்க: 1911-க்கு முன்னாடி அது சேலம் ஜில்லா. வட ஆற்காடுன்னு தேடினா கிடைக்காது.

மை மங்கிப்போயிருந்தா பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் போட்டோ எடுங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன், லேமினேஷன் மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக் ஒட்டிக்கிச்சுன்னா பிரிக்கவே முடியாது.

ஒரே பேரு தலைப்புலயும் வரும், கடைசியில கையெழுத்துலயும் வரும், சில சமயம் நான்கெல்லையிலயும், அதாவது நிலத்தோட நாலு பக்க எல்லையைச் சொல்ற இடத்துலயும், வரும். எல்லா இடமும் ஒத்துப்போனா மட்டும் கொடிவழியில, அதாவது உங்க வம்சப் பட்டியல்ல, ஏத்துங்க. இல்லன்னா பென்சில்ல எழுதி, பக்கத்துல கேள்விக்குறி போட்டு வையுங்க.