கடைசி வரிசைக்குக் கேட்கும் வினைமுற்று

நேயர்களுக்கு வணக்கம்.

மேடை நடிப்புக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளிடம் "உனக்கு ஆதர்சம் யார்?" என்று கேட்டால் பெயர்கள் மளமளவென்று வந்து விழும். "சரி, அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும். இன்றைக்கு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். எந்தச் சொல்லில் நிற்கிறார், எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று கவனித்து எடுத்து வந்தால்தான் அந்த ஆதர்சம் நம் உடம்பில் ஏறும்.

1918-ல் மதுரையில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. சிறுவர்களே எல்லா வேடமும் போடும், பெரியவர்கள் பாய்ஸ் கம்பெனி என்பார்களே, அந்த வகைச் சபை. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ஔவையாராகக் கிழவி வேடம் போட்டு, ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார். முதுமை வேடம் சாதாரண வேலை இல்லை. புதிதாக நடிக்க வருகிறவர்கள் இடுப்பை மடித்துக் குனிவார்கள், குரலையும் மெலிய வைப்பார்கள். இடுப்பு மடிந்தால் வயிறு நெரியும். வயிறு நெரிந்தால் மூச்சு இறங்க இடமில்லை. மூன்றாவது வரிசையைத் தாண்டி ஒன்றும் கேட்காது. முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, தோளை முன்னால் விட்டு, தலையை மட்டும் தாழ்த்தினால் கூன் விழுந்த தோற்றம் வந்துவிடும், வயிறும் தப்பிக்கும். முதுமையைப் பேச்சின் வேகத்தில் காட்ட வேண்டும். குரலின் அளவைக் குறைக்கவே கூடாது.

குரல் என்று வந்துவிட்டதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இதுதான்.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. செய்தானா, செய்யவில்லையா, செய்தது அவனா அவளா, கேள்வியா பதிலா, எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கின்றன. நடிகருக்கு மூச்சு தீருவதும் அதே இடத்தில்தான். ஓர் அரசன் பேசுவதாக வைத்துக்கொள்வோம்: "பொழுது விடியுமுன்னே கோட்டை வாசலைத் திறந்துவிடச் சொல்லி நான் ஆள் அனுப்பவில்லை." முன்பாதியை முழங்கிவிட்டு, கடைசியில் மூச்சில்லாமல் "அனுப்ப" என்பதோடு குரல் அமுங்கிவிட்டால் என்ன ஆகும்? பின்வரிசையில் இருப்பவர் அரசன் ஆள் அனுப்பியதாகவே எடுத்துக்கொள்வார். அடுத்த காட்சியில் காவலனைத் தண்டிக்கும்போது அவருக்கு ஒன்றும் புரியாது. கதை எழுதியவர் மேல் பழி விழும்.

இதைச் சரிசெய்ய வசனத்தை வாலிலிருந்து பிடிக்க வேண்டும். முதலில் "அனுப்பவில்லை" மட்டும் ஐந்து முறை. பிறகு "நான் ஆள் அனுப்பவில்லை." பிறகு "திறந்துவிடச் சொல்லி நான் ஆள் அனுப்பவில்லை." இப்படி முன்னோக்கி ஏறிக்கொண்டே வாருங்கள். மூச்சை "விடியுமுன்னே" என்பதற்குப் பிறகு எடுக்கலாம், "சொல்லி" என்பதற்குப் பிறகும் எடுக்கலாம். "ஆள்" என்பதற்கும் "அனுப்பவில்லை" என்பதற்கும் நடுவில் மட்டும் எடுக்காதீர்கள். பிரதியில் மூச்சு எடுக்கும் இடத்துக்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒத்திகையில் இடம் மாறும், அழித்து எழுத வேண்டியிருக்கும்.

மூச்சுக்கும் பயிற்சி உண்டு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கையை வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, "ஸ்" என்ற ஒலியோடு ஒரே சீராக விடுங்கள். தொடக்கத்தில் 15 விநாடி வந்தால் போதும், தினமும் பத்து நிமிடம் செய்து வந்தால் மெல்ல மெல்ல 25, 30 என்று நீளும். இழுக்கும்போது தோள் உயர்ந்தால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது என்று பொருள். அப்போது பாரம் முழுக்கத் தொண்டையில் விழும், நாடகம் பாதி போவதற்குள் குரல் கட்டும். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நம்பி உட்கார வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

"இப்போது மைக் இருக்கிறதே" என்பீர்கள். மைக், சொன்னதைத்தான் பெரிதாக்கும். விழுங்கிய சொல்லை அது எங்கிருந்து எடுக்கும்?

நம் தெருக்கூத்தைக் கவனியுங்கள். நடிகர் ஓர் அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். நடிகருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது, தூரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் இரண்டாம் முறை காதில் விழுகிறது. திரைப் பிரவேசம் இன்னும் அருமை. இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னாலிருந்து வேடக்காரர் பாடுகிறார். கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கண்ணில் படுவதற்கு முன்னே, வருவது துரியோதனனா கர்ணனா என்பதைக் குரல் சொல்லிவிடுகிறது. முகமே தெரியாமல் இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஒரே கூத்தை மூன்று இரவு பாருங்கள். ஒரு நாள் கதைக்காக. ஒரு நாள் காலடியை மட்டும், அடவு எங்கே தொடங்கி, கிறுக்கி என்கிற சுழலாட்டம் எங்கே முடிகிறது என்று. ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு.

நேரம் முடியப்போகிறது என்று சைகை வருகிறது. தொழிலைப் பற்றிச் சொல்ல நினைத்ததைச் சுருக்கிவிடுகிறேன். மேடை வருமானம் ஆண்டு முழுக்கச் சீராக வராது. கூத்துக்கே பங்குனி தொடங்கி ஆடி வரைதான் மகாபாரதக் கதை நடக்கும் பாரதத் திருவிழாக்களின் காலம். அதனால் டப்பிங், வானொலி நாடகம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகப் பயிற்சி என்று பக்கத்தில் ஒரு தொழில் வைத்துக்கொள்ளுங்கள். முறையாகப் படிக்க டெல்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. தேர்வுக்குப் போகும்போது ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிவசனம், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள், கூடவே பக்கவாத்தியம் இல்லாமல் பாட ஒரு பாட்டு தயாராக இருக்கட்டும். வசனம் பாதியில் மறந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். நின்ற இடத்திலேயே ஒரு மூச்சு எடுத்துவிட்டு, முந்தைய வாக்கியத்தின் வினையிலிருந்து பிடித்து மேலே போங்கள்.

வணக்கம்.