ஒற்றைத் தலைவலி: அம்மா வழியா, வெயில் வழியா?

(காட்சி: மதிய வெயிலில் ராயக்கோட்டை தக்காளி மண்டி)

வணக்கம். ஒரு பக்கத் தலை விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. இதுதான் மைக்ரேன். சிலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும்.

"அது அவங்க அம்மா வழி" என்பார்கள். "சாப்பிடாம வெயில்ல அலைஞ்சா வராதா?" என்றும் கேட்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

முதலில் மரபணு. ஒரே மாதிரி மரபணுக்கள் உள்ள இரட்டையரில் ஒருவருக்கு மைக்ரேன் இருந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் கட்டாயம் இல்லை. யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை என்ற வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிதான் மரபணுவால் வருவது. அதுவும் ஒரே மரபணு அல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2022இல் வந்த ஆய்வு, மரபணுத் தொகுதியில் மைக்ரேனோடு தொடர்புள்ள 123 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் தருவது சின்ன உந்துதல்தான். வலியோடு கை கால் ஒரு பக்கம் தளரும் அரிய வகை ஒன்றில் மட்டும், ஒரே மரபணு மாற்றமே போதும்.

(காட்சி: கே.ஆர்.பி. அணை, மதகுகள்)

நம்ம கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. 50 அடி நிற்கும்போது ஒரு மழைக்கே மதகைத் திறக்க வேண்டிவரும். 30 அடியில் அதே மழை பெய்தது கூடத் தெரியாது. மரபணு என்பது ஏற்கனவே நிற்கும் தண்ணீர். அன்றாட வாழ்க்கைதான் மழை.

அந்த மழை எது? தூக்கம் கெடுவது, வேளை தவறிய சாப்பாடு, கடும் வெயில், மன அழுத்தம், நெடியான வாசனை. ஓசூர் கம்பெனியில் வாராவாரம் ஷிஃப்ட் மாறுகிற பெண்ணுக்கு இதில் இரண்டு மூன்று ஒரே நாளில் சேரும். மாதவிடாய் நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்குவதும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். பெண்களுக்கு மைக்ரேன் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதையும் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் சாக்கு சொல்லவில்லை, தயவுசெய்து நம்புங்கள்.

ஒரு நுணுக்கம். வலிக்கு முந்தைய நாளே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மேல் ஆசை வரலாம். அப்போது சாப்பிட்ட ஸ்வீட்தான் காரணம் என்று நினைக்கிறோம். உண்மையில் மைக்ரேன் அதற்கு முன்பே தொடங்கியிருக்கும். அதனால் உணவை வெட்டிக்கொண்டே போகாதீர்கள். வலி வந்த தேதி, தூக்கம், சாப்பாட்டு நேரம், மாதவிடாய் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்து வாருங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையையும் குறியுங்கள். சாதாரண மாத்திரையே மாதத்தில் 15 நாளுக்கு மேல் போய்க்கொண்டிருந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அடிக்கடி வலி வருபவர்களுக்கு, வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. டாக்டரிடம் அந்தக் காலண்டரையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆனால் சட்டென்று இடி விழுந்தது போன்ற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் வந்தால் காலண்டர், மாத்திரை எதையும் பார்க்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். 50 வயதுக்கு மேல் முதல்முறையாகத் தலைவலி தொடங்கினாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.