கிட்ட வந்த அந்த ஆள் எங்கே?

[காட்சி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறை. சோபா ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கிறது.]

வணக்கம். போன மாதம் ஈசூனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கண்ணை மூடும் மெய்நிகர் (விஆர்) ஹெட்செட் மாட்டி விளையாடிக்கொண்டிருந்த அக்கா மகன் சட்டென்று பின்னால் நகர்ந்து, டிவி மேசையில் இடித்துக்கொண்டான். "என்னடா?" என்றேன். "ஒரு ஆள் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிறான் மாமா. போகச் சொன்னாலும் போக மாட்டேங்கிறான்."

சரி, காட்டு என்றேன். காட்ட ஒன்றுமே இல்லை. மெசேஜ் இல்லை, படம் இல்லை. ஆளும் போய்விட்டான். பையனின் கை மட்டும் சில்லென்று இருந்தது.

[காட்சி: ஆறு தளங்களின் சின்னங்கள்]

சிங்கப்பூரில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. இணையப் பாதுகாப்புக்கான சட்டத் திருத்தம் 2023 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. உத்தரவை மீறும் நிறுவனத்துக்கு 1 மில்லியன் வெள்ளி வரை அபராதம். அதே ஆண்டு ஜூலையில் நடைமுறை விதிகள் வந்தன. அவற்றின்கீழ் முதலில் வந்தவை ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், டுவிட்டர், யூடியூப், உள்ளூர் இணைய மன்றமான ஹார்டுவேர்ஸோன். ஆறுமே போஸ்ட் போடும் இடங்கள். போட்டது அங்கேயே கிடக்கும், பார்த்து நீக்கச் சொல்லலாம். மெய்நிகர் உலகில் நடப்பதோ நடத்தை. நடந்த கையோடு மறைந்துவிடும்.

அது வெறும் விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. 16 வயது மாணவன் ஒருவனைப் பற்றி 2023 பிப்ரவரியில் உள்துறை அமைச்சு அறிவித்தது. ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில், சிரியாவையும் பிலிப்பீன்ஸின் மராவி நகரையும் போல அமைத்த ஐஎஸ் போர்க்களங்களில் அவன் விளையாடினான். விளையாட்டுக்குள் இருந்த 'தலைவருக்கு' விசுவாசப் பிரமாணமும் எடுத்தான். கடைசியில் அவன்மீது பாய்ந்தது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டு ஆணை. அவ்வளவு தூரம் போகும்முன் கைகொடுக்க ஏதாவது வேண்டாமா?

[காட்சி: புள்ளிகளாக அசையும் தலையும் கைகளும்]

அப்போ எல்லாவற்றையும் பதிவு செய்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2023இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 55,000க்கும் மேற்பட்ட மெய்நிகர் விளையாட்டு ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்தார்கள். 100 விநாடி தலையசைவும் கையசைவும் போதும், ஆளை 94 விழுக்காடு சரியாகக் கண்டுபிடித்துவிடலாம். கைரேகை மாதிரி. அதைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கி நிறுவனங்களின் கிடங்கில் அடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நடுவழி ஒன்று இருக்கிறது. கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் ஹெட்செட்டுக்குள்ளேயே பதிவாகட்டும். புகார் கொடுத்தால் கூடவே போகட்டும், இல்லாவிட்டால் அழியட்டும். மெட்டா நிறுவனத்தின் மெய்நிகர் உலகமான ஹொரைசன் வேர்ல்ட்ஸ் இப்படிச் செய்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் விருப்பமாக இருப்பதை எல்லாருக்கும் விதியாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிட ஓர் இணையப் பாதுகாப்பு ஆணையத்துக்கு வழிசெய்தது. தொல்லை, பின்தொடர்தல் இரண்டும் அதில் அடக்கம். நல்லது. ஆனால் முறையிடப் போகிற பையன் கையில் எதை எடுத்துப் போவான்?

அன்று நானும் அக்கா மகனும் ஹெட்செட்டில் புகார் பொத்தானைத் தேடினோம். நான்காவது மெனுவுக்குள் இருந்தது. அழுத்தினால் ஆளின் பெயரைக் கேட்டது. அவனுக்குப் பெயர் தெரியாது.