விளையாட்டுப் பொருளைக் காசுக்கு வாங்கலாமா? உப்புவெளித் தம்பியின் கேள்விக்கு விளக்கம்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். "அண்ணா, நான் பாத் ஒஃப் எக்ஸைல் விளையாடுகிறேன். முகநூல் குழு ஒன்றில் ஒருவர் டிவைன் ஓர்ப் காசுக்குத் தருவதாகச் சொல்கிறார். எனக்கு வேலை முடிந்து வீடு வரவே இரவாகிவிடுகிறது. நாள் முழுக்க விளையாடுகிறவர்களோடு நான் எப்படிப் போட்டி போடுவது? என் உழைப்பின் காசைக் கொடுத்து வாங்குகிறேன். கம்பனியும் கடை வைத்து விற்கத்தானே செய்கிறது? கம்பனி விற்றால் சரி, இவர் விற்றால் பிழையா?" தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பாத் ஒஃப் எக்ஸைல் இணையத்தில் ஆடும் ஒரு விளையாட்டு, டிவைன் ஓர்ப் அதற்குள் பணம் போலக் கைமாறும் ஓர் அரிய பொருள்.

தம்பி, கடைசியாகக் கேட்டீர்களே, அதுதான் முக்கியமான கேள்வி. இரண்டுமே பிழையாக இருக்கலாம், ஆனால் கம்பனி செய்யும் பிழை இன்னும் பெரியது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல, இந்த வகை விளையாட்டின் அடிப்படையைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அரக்கனைக் கொல்கிறீர்கள், ஒரு பொருள் கீழே விழுகிறது. என்ன பொருள், எவ்வளவு அரியது, அதில் என்னென்ன குணங்கள், ஒவ்வொரு குணமும் எந்த அளவில் என்று அத்தனையையும் அந்தக் கணத்தில் கணினி குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கிறது. பத்தாயிரம் தடவை ஒன்றும் கிடைக்காமல், ஒரு தடவை கண்ணை விரிய வைக்கும் ஒரு வாள் விழும். கதை, காட்சி, இசை எல்லாம் அந்த ஒரு கணத்தைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த வாள் அரியதாக இருப்பதற்கு இயற்கையான காரணம் எதுவும் கிடையாது. அது கடலிலிருந்து எடுத்த முத்து அல்ல. சேர்வரில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் ஒரு எண் இருக்கிறது, அந்த எண்ணை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

2000இல் பிளிஸார்ட் கம்பனியின் டயாப்லோ 2 என்ற விளையாட்டு வந்தபோது, பொருள்களை வீரர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றினார்கள். விளையாட்டுக்குள் இருந்த தங்கத்துக்கு மதிப்பே இல்லாததால், ஸ்டோன் ஒஃப் ஜோர்டான் என்ற மோதிரத்தையே நாணயமாக வைத்து வியாபாரம் செய்தார்கள். பின்னர் மென்பொருளின் வழுக்களைப் பயன்படுத்தி அந்த மோதிரத்தை நகலெடுத்துக் குவித்தார்கள். வெளித் தளங்கள் அவற்றை டொலருக்கு விற்றன. அந்தச் சந்தையிலிருந்து கம்பனிக்கு ஒரு சதமும் போகவில்லை.

2012இல் டயாப்லோ 3 வந்தது. "கள்ளச் சந்தை எப்படியும் நடக்கத்தான் போகிறது, மோசடியில் சிக்காமல் எங்களிடமே பாதுகாப்பாக வியாபாரம் செய்யுங்கள்" என்ற நியாயத்தோடு பிளிஸார்ட் கம்பனி, உண்மையான பணத்தில் வாங்கி விற்கும் ஏலக்கூடத்தை விளையாட்டுக்குள்ளேயே திறந்தது. அந்த ஆண்டு ஜூனில் அது தொடங்கியது. ஒரு ஆயுதமோ கவசமோ விற்றால் கம்பனிக்கு 1 டொலர். அதிகபட்ச விலை 250 டொலர். விற்ற பணத்தை பேபால் என்ற இணையப் பணச் சேவைக்கு மாற்றினால் இன்னொரு 15 சதவீதம் கழியும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. மோசடியைத் தடுக்க வேண்டும் என்ற அவர்களுடைய கவலை பொய் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் விளையாடியவர்களுக்கு என்ன நடந்தது? மணிக்கணக்காக அரக்கர்களைக் கொன்றாலும் தன் கதாபாத்திரத்துக்கு ஏற்ற பொருள் விழாது. ஏலக்கூடத்தைத் திறந்தால் அதைவிடப் பல மடங்கு நல்லது சில டொலருக்குக் கிடைக்கும். அப்புறம் எதற்காகக் குகைக்குள் போவது? ஏலக்கூடம் விளையாட்டைக் காயப்படுத்திவிட்டது என்று, அந்த விளையாட்டின் இயக்குநராக இருந்த ஜே வில்சனே 2013 மார்ச்சில் விளையாட்டு உருவாக்குநர்களின் மாநாட்டு மேடையில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு மே மாதம் தங்கத்தை நகலெடுக்கும் வழு ஒன்று வெடித்து, ஏலக்கூடத்தையே சிறிது காலம் நிறுத்த வேண்டி வந்தது. பாதுகாப்புக்காகத் திறந்த இடத்திலேயே அது நடந்தது. செப்டெம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள், 2014 மார்ச் 18இல் மூடினார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது மூடிய விதம். மூடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, பொருள் விழும் முறையையே மாற்றி எழுதினார்கள். குறைவாக விழும், ஆனால் விழுவது நீங்கள் விளையாடும் கதாபாத்திரத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். சிறந்த பொருள்களை விற்க முடியாதபடி கணக்கோடு கட்டிவிட்டார்கள். திரும்ப வந்து விளையாடியவர்கள், "இதைத்தானே முதலிலேயே எதிர்பார்த்தோம்" என்றார்கள். அப்படியென்றால் அந்த எண்ணை மாற்றும் அதிகாரம் எப்போதும் அவர்கள் கையில்தான் இருந்தது. கடையை மூடும் காலம் நெருங்கும்வரை இப்படி மாற்றி எழுதவில்லை.

நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். கந்தளாய்க் குளத்து மதகைத் திறந்து மூடும் அதிகாரம் உள்ள ஒருவரே, பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து வயலுக்கு விற்கும் வியாபாரமும் செய்தால் என்ன ஆகும்? அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மதகை நன்றாகத் திறந்துவிடும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நட்டம். அப்படிப்பட்ட நிலையில் ஒரு மனிதரை வைப்பதே தவறு. விளையாட்டுக் கம்பனிகள் அந்த நிலையில் தங்களைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன.

இது வெறும் சந்தேகம் அல்ல. தென்கொரியாவில் மேப்பிள்ஸ்டோரி என்ற விளையாட்டில், பொருளின் குணத்தை மாற்றும் கியூப்களை நெக்ஸன் கம்பனி காசுக்கு விற்றது. நல்ல குணம் வரும் வாய்ப்பை வீரர்களுக்குச் சொல்லாமல் குறைத்தது என்று கண்டறிந்த அந்நாட்டு நியாய வர்த்தக ஆணைக்குழு, 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச்சில், விற்கப்படும் குலுக்கல் பொருள்களின் வாய்ப்பு விகிதங்களை வெளியிட வேண்டும் என்ற சட்டமும் அங்கே நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் இது வர வேண்டும் என்று விரும்புகிறேன். பணம் வாங்குகிறவர், எதற்கு வாங்குகிறோம் என்பதை மறைக்கக் கூடாது.

டயாப்லோ இம்மோர்ட்டல் 2022 ஜூனில் கைத்தொலைபேசிக்கு வந்தது. விளையாட இலவசம். ஆனால் லெஜெண்டரி கிரெஸ்ட் என்பதைக் காசுக்கு வாங்கி ஒரு குகைக்குள் நுழைந்தால், லெஜெண்டரி ரத்தினக்கல் ஒன்று நிச்சயம் விழும். ஆனால் எந்தக் கல், எவ்வளவு சக்திவாய்ந்தது என்பது குலுக்கல். குகை, சண்டை, அரக்கன் என்று எத்தனை வேடம் போட்டாலும் அது பணம் கட்டி ஆடும் குலுக்கல்தான். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு காசு கொடுத்துத் திறக்கும் குலுக்கல் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018இலேயே சொல்லிவிட்டது. அந்த விளையாட்டு பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியிடப்படவே இல்லை. நம் ஊரில் பதினான்கு வயதுப் பிள்ளைகள் அம்மாவின் தொலைபேசியில் விளையாடுகிறார்கள். எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை, இது பிழை.

இப்போது உங்கள் விளையாட்டுக்கு வருகிறேன். பாத் ஒஃப் எக்ஸைலை நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013இல் வெளியிட்டது. பலம் தரும் எதையும் விற்கமாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. தோற்றத்தை மாற்றும் அலங்காரங்களும், பொருள்களை அடுக்கும் ஸ்டாஷ் டேப்களும்தான் கடையில் இருக்கின்றன. இந்தத் துறையில் நான் மதிக்கும் ஒரு பாதை இது. அந்தக் கம்பனியை நிறுவியவர்களில் ஒருவரான கிறிஸ் வில்சன் 2017இல் வியாபாரம் பற்றி நீளமாக எழுதினார். வாங்கி விற்பது மிக எளிதாகிவிட்டால், பொருள் விழும் விகிதத்தைக் குறைக்க வேண்டிவரும், பிறகு விளையாட்டில் சுவை இருக்காது என்பது அவர் வாதம். டயாப்லோ 3இன் பாடத்தை அவர்கள் படித்திருந்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

ஆனாலும் அவர்களை முழுதாக விட்டுவிட முடியாது. இலவசமாகக் கிடைக்கும் பெட்டகம் மிகச் சிறியது. ஓர்ப்களும் வரைபடங்களும் கொட்டிக்கொண்டே இருக்கும். பொருளைப் பகிரங்கமாக விலைபோட்டு வைக்க, காசுக்கு விற்கும் பிரீமியம் டேப் வேண்டும். இடநெருக்கடியை உண்டாக்கியதும் அவர்கள், இடத்தை விற்பதும் அவர்கள். அளவில் சிறியது, ஒரு தடவை வாங்கினால் என்றைக்கும் உங்களுடையது, என்ன கிடைக்கும் என்று வாங்கும் முன்பே தெரியும். அதனால் பொறுத்துக்கொள்கிறேன். அலங்காரங்களைக் குலுக்கிக் கொடுக்கும் மர்மப் பெட்டிகளை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பலம் தராவிட்டாலும் குலுக்கல் குலுக்கல்தான்.

அலங்காரம் என்றாலும் விலையைப் பார்க்க வேண்டும். டயாப்லோ 4இல், விளையாட்டையே காசு கொடுத்து வாங்கியவர்களிடம், 2024இல் 65 டொலருக்குக் குதிரை அலங்காரத் தொகுதி ஒன்றை விற்றார்கள். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 19,500 ரூபாய். இலங்கையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாயாக உயர்ந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, முகநூல் குழுவில் விற்கிறவர். அவருக்கு ஓர்ப் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்தீர்களா? நேர்மையாக விளையாடிச் சேர்த்து, விற்கும் பையன்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 2022இல் நம் நாடு பட்ட பாட்டில், டொலர் எந்த வழியில் வந்தாலும் போதும் என்று இளைஞர்கள் தேடியதை நானும் பார்த்தேன். பேபாலில் பணம் பெறும் வசதிகூட நீண்ட காலம் நமக்கு இல்லாததால், இடைத்தரகர்களிடம் கழிவு கொடுத்துத்தான் அவர்கள் காசைக் கண்டார்கள். அந்தப் பையன்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் சந்தையின் பெரும்பகுதி அவர்கள் கையில் இல்லை. லோஸ்ட் ஆர்க் என்ற விளையாட்டு 2022இல் மேற்கு நாடுகளில் வெளியான சில வாரங்களிலேயே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொட் கணக்குகளைத் தடைசெய்ய வேண்டி வந்தது. ஆளே இல்லாமல் இரவு பகலாக ஓடி, தங்கம் சேர்த்து விற்பனைக்கு அனுப்பும் கணக்குகள் அவை. களவெடுத்த கணக்குகளிலிருந்து உருவிய பொருள்களும் இதே சந்தைக்குத்தான் வருகின்றன. சீனாவில் தடுப்பு முகாம் ஒன்றில் கைதிகளை இரவில் கட்டாயமாக இணைய விளையாட்டு ஆடவைத்துத் தங்கம் சேர்த்ததாக 2011இல் கார்டியன் பத்திரிகை எழுதியது. நீங்கள் கொடுக்கும் காசு உங்கள் உழைப்பின் காசு. வாங்கும் பொருள் யாருடைய உழைப்பு, யாரிடமிருந்து எடுத்தது என்பது உங்களுக்குத் தெரியாது. பொட் கணக்குகள் ஓர்ப்களைக் கொட்டக் கொட்ட, உங்களைப் போலவே வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் விளையாடும் இன்னொருவர் நேர்மையாகச் சேர்த்த ஓர்ப்பின் மதிப்பு குறைந்துகொண்டே போகும். போட்டி போட முடியவில்லை என்று நீங்கள் சொல்லும் நிலையை அந்த விற்பனையாளரும் சேர்ந்துதான் உண்டாக்குகிறார்.

நேரம் இல்லை என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. அதற்குச் சரியான விடையை நான் பார்த்தது லாஸ்ட் எபோக் விளையாட்டில். 2024 பெப்ரவரியில் அதன் முழு வடிவம் வந்தபோது இரண்டு சங்கங்கள் வைத்தார்கள். ஒன்றில் சேர்ந்தால் மற்றவர்களோடு வாங்கி விற்கலாம். சேர்க்கிள் ஒஃப் ஃபோர்ச்சூன் என்ற மற்றதில் சேர்ந்தால் சந்தை கிடையாது, அதற்குப் பதிலாக உங்களுக்கே நல்ல பொருள்கள் கூடுதலாக விழும். சந்தைக்காகக் குறைத்த விகிதத்தைச் சந்தை வேண்டாதவருக்கும் திணிக்கக் கூடாது என்று ஒரு கம்பனி யோசித்திருக்கிறது. உங்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பாத் ஒஃப் எக்ஸைலிலேயே இருக்க விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். லீக் எனப்படும் ஒவ்வொரு பருவமும் பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களில் முடிந்து, எல்லோரும் மீண்டும் வெறுங்கையோடு தொடங்குகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய டிவைன் ஓர்ப் புதிய லீக்குக்கு வராது. விதிமுறைப்படி விற்பவரைப் போலவே வாங்குபவரின் கணக்கையும் தடைசெய்யலாம். அந்த நபருக்கு இன்னும் பணம் அனுப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். "நானே உள்ளே வந்து வைத்துவிடுகிறேன்" என்று உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு, நீங்களும் கொடுத்திருந்தால், இந்தக் காணொளியை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். அதே கடவுச்சொல் உங்கள் மின்னஞ்சலுக்கும் இருந்தால் அதையும்.